பனி வண்டியும் கேட்காத கேள்வியும்

1. ரெக்கவரியில் வந்த படகு

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் ஷாக் அப்சார்பர் மெக்கானிக்காக இருந்தபோது நடந்தது இது. ஆகஸ்ட் மாதம், பகல் பதினொரு மணி. எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு ரெக்கவரி லாரி வந்து நின்றது. அதன் முதுகில் சக்கரமே இல்லாத ஒரு வண்டி. முன்னால் நுனி வளைந்த இரண்டு நீளப் பலகைகள், அடியில் அகலமான ரப்பர் பெல்ட், மேலே மோட்டார் சைக்கிள் போல நீளமான சீட்டு.

ஸ்பானர் பிடித்திருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். ஃபோர்மேன் பாபு திருச்சூர்க்காரர். எது வந்தாலும் அதற்கு முதலில் பேர் வைப்பவர் அவர்தான்.

"இது வாட்டர் ஸ்கூட்டராணு. கடல்ல ஓட்டுற சாதனம். இதுக்கு எந்தினா ஷாக்?"

லாரி கேபினிலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"கடலும் இல்ல, கொளமும் இல்ல. பனியில ஓடுத வண்டி. மொதல்ல எறக்குங்க, பொறவு பேரு வைக்கலாம்."

வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் மெதுவாக இறங்கினார். ஸ்டெல்லா சிஸ்டர், குளச்சல் பக்கம். துபாயில் ஒரு பெரிய மாலுக்குள் செயற்கைப் பனி மலை கட்டியிருந்தார்கள். அங்கே அவர் முதலுதவி நர்ஸ். மலையில் யாராவது வழுக்கி விழுந்தால் இந்த வண்டியில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து மேலே போக வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

"பனின்னா பஞ்சு மாதிரி இருக்கும்னு நெனச்சி வந்தேன்," என்றார். "மத்தியானம் ஆச்சின்னா எல்லாம் கட்டி கட்டியா ஒறஞ்சி கெடக்கு. ஒவ்வொரு கட்டியும் எனக்க நடுமுதுகுல வந்து எண்ணிட்டுப் போவுது. எனக்கு முன்னால இருந்த நர்சு வேலைய விட்டுட்டு ஊருக்கே போயாச்சி. இத நீங்க சரி பண்ணலன்னா நானும் எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். அதான் நானே கூட வந்தேன்."

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஷாக் வேலை மட்டும்தான். மணல் மேட்டில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு குதிக்கும் சஃபாரி கார்கள், நாலு சக்கர பைக்குகள் இவைதான் வரும். ஷாக் பிரிவுக்கு நான் ஒருவன்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பாபுவுக்கு. எனக்கு விரல் கணக்கு. ஆள் உட்கார்ந்ததும் வண்டி எத்தனை விரல் இறங்குகிறது என்று பார்ப்பேன். ஒன்றரை விரல் இறங்கினால் சரி. அரை விரல் இறங்கினால் வண்டி ஆளைத் தூக்கிப்போடும். மூன்று விரல் இறங்கினால் மேட்டில் போய் அடிமுட்டும். இந்தக் கணக்கில் பதினோரு வருஷம் ஓட்டியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி வந்தார். அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியைச் சுற்றி வந்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார், சிஸ்டரிடம் என்னைக் காட்டினார்.

"மை மேன் நம்பர் ஒன். மாஃபி முஷ்கில்." ஒரு சிக்கலும் வராது என்று அர்த்தம்.

பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். "அச்சா காம், தீன் சால் விசா. காம் அச்சா நஹி, கலாஸ்."

இதற்கு விளக்கம் தேவையில்லை. என் விசா அடுத்த மாதம் முடிகிறது. வேலை நன்றாக வந்தால் இன்னும் மூன்று வருஷம் அடித்துக் கொடுப்பார். வரவில்லை என்றால் என் இடத்துக்கு ஆள் தயார். ஆள் வேறு யாரும் இல்லை, பாபுவின் மச்சினன். அவன் பாஸ்போர்ட் காப்பி பாபுவின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் ஒளிவு மறைவு கிடையாது. "வ்யக்திபரமாயிட்டு ஒண்ணும் இல்ல அழகரே" என்று, சொந்தப் பகை கிடையாது என்கிற அர்த்தத்தில், எனக்கே காட்டியிருந்தார். நாற்பத்தாறு வயதில் ஊருக்குப் போய் யார் கடையில் நான் ஷாக் மாற்றுவது?

பனி மலை மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டாராம். சிஸ்டர் ஓகே சொன்னால்தான் ஓகே. ஆக, என் விசா ஸ்டெல்லா சிஸ்டர் வாயில் இருந்தது.

எனக்கோ பெண்களிடம் பேசினால் நாக்கு எண்ணெய் தீர்ந்த பேரிங் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

2. ஐம்பத்தைந்து கிலோ

ஷாக் வேலையில் முதல் கேள்வி, வண்டியில் உட்காருகிற ஆள் எத்தனை கிலோ என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சஃபாரி டிரைவர்களிடம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கத்துவேன். "பாய், கித்னா கிலோ?" அவர்களும் தொப்பையைத் தட்டிக்கொண்டு பதில் கத்துவார்கள்.

சிஸ்டர் முன்னால் போய் நின்றேன். கையில் ஜாப் கார்டு, காதில் பென்சில்.

"சிஸ்டர், நீங்க..."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க... தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடுங்க. நல்ல வெக்கை."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். மறுபடி முயன்றேன்.

"நீங்க வந்து..."

"ம்?"

"இன்னொரு கிளாஸ்?"

கம்ப்ரஸருக்குப் பின்னால் பாபு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ரெக்கவரி லாரியிலேயே திரும்பிப் போனார். நான் கண்ணளவில் ஒரு கணக்குப் போட்டு கார்டில் ஐம்பத்தைந்து என்று எழுதினேன். மனசுக்குள் போடுகிற கணக்கில்கூட ஒரு பெண்ணை அதிகமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கம்பெனியில் போட்டு வந்த ஷாக்குகள் பிரிக்க முடியாதவை. பின்னால் இருந்த இரண்டும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. அதே மாதிரி புதுசு வேண்டுமென்றால் கப்பலில் வர மூன்று மாதம். அதனால் நாலு சக்கர பைக்குகளுக்கு நாங்கள் போடுகிற, பிரித்துப் பூட்டக்கூடிய கேஸ் ஷாக்கை எடுத்தேன். வண்டியில் மாட்டுகிற கண்ணிகளுக்குள் சரியாக உட்கார லேத்தில் புது புஷ் வளையங்கள் கடைந்தேன். எண்ணெய் ஊற்றி, நைட்ரஜன் ஏற்றி, பின்னால் இரண்டும் முன்னால் இரண்டுமாகப் பூட்டினேன். இரண்டு மரக்கட்டைகள் மேல் வண்டியை நிறுத்தி, பாபுவை ஏறிக் குதிக்கச் சொன்னேன். சஃபாரி கார் டிரைவர்கள் இரண்டு பேரும் வந்து குதித்தார்கள்.

"மெத்தை!" என்றார் பாபு. தன் மச்சினனுக்கு எதிரான சாட்சி என்றாலும் தொழிலில் பொய் சொல்ல மாட்டார்.

3. உலக்கை

பனியை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் புதன்கிழமைதான். வெளியே நாற்பத்தைந்து டிகிரி, கதவுக்கு உள்ளே பூஜ்யத்துக்கும் இரண்டு டிகிரி கீழே. வாடகைக்குக் கொடுக்கிற நீலக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். காலில் என் ஒர்க்‌ஷாப் செருப்பு. ஐந்து நிமிஷத்தில் விரல்கள் என்னுடையவையாக இல்லை.

நேபாளி டிரைவர் கிரண் வண்டியை எடுத்தார். சிஸ்டர் பின்னால் உட்கார்ந்தார். மலையில் ஏறி வளைந்து திரும்பியது வண்டி. போகும்போது உட்கார்ந்து போனவர், வரும்போது கால் பலகையில் நின்றுகொண்டு வந்தார்.

"அண்ணே."

"சரிங்க சிஸ்டர்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இது ஷாக்கா, உலக்கையா? பழைய ஷாக்கு இதுக்கு எவ்வளவோ மேலு."

"சரிங்க."

மேனேஜர் தூரத்தில் நின்று தலையை ஆட்டினார். மறு புதன் வரைக்கும் டைம் என்று கிரண் மூலம் சொல்லி அனுப்பினார்.

வண்டி பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பின் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். இறங்கவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பூவாக இறங்கியது அதே ஷாக். கையை எடுத்தேன். ஈரம் உறைந்து தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உறைத்தது.

பதினோரு வருஷமாக எனக்கு ஒரே எதிரி சூடு. மணலில் அரை மணி நேரம் குதித்தால் ஷாக் எண்ணெய் கொதித்துத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் இருபதாம் நம்பர் கெட்டி எண்ணெய்தான். கை தானாக அந்த டின்னுக்குப் போய்விடும். பனி வண்டிக்கும் அதையே ஊற்றியிருந்தேன். ஜனவரியில் எங்கள் ரூமிலேயே தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து, ஸ்பூனால் தோண்டித் தலைக்குத் தேய்ப்போம். ஒவ்வொரு வருஷமும் தோண்டியவன், பனி வண்டிக்கு கெட்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இதைப் பாபுவிடம் சொல்லவில்லை. மச்சினன் டிக்கெட் போட்டுவிடுவான்.

4. ஃப்ரீசரில் சீலா மீன்

ஒல்லி எண்ணெய் போட வேண்டும் என்பது புரிந்தது. எவ்வளவு ஒல்லி? அதைப் பார்க்கக் குளிர் வேண்டும். ஷார்ஜா ஆகஸ்டில் எனக்குத் தெரிந்த ஒரே குளிர் எங்கள் ரூம் ஃப்ரீசர்.

ஆறு பேர் இருக்கிற ரூம். ஒரே மெஸ். வாரத்துக்கு ஒரு தடவை மீன் வாங்கி கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடுவோம். வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது அதே போன்ற கறுப்புப் பையில் ஒரு ஷாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து மீனுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சமையல் முறை கருப்பையாவுடையது. முதுகுளத்தூர் பக்கம், ஏசி டக்ட் வேலை. காலை பத்து மணிக்கு அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டது.

"ஏப்பா அழகரு! நேத்து சீலா மீனு யாருப்பா வாங்குனது?"

"ஏன்?"

"வாலு இரும்பா இருக்கு. ஸ்பிரிங் வேற போட்டு வித்திருக்கான்."

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கருப்பையா ஷாக்கை அரிவாள்மணை முன்னால் நிறுத்தி வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"திங்கிற எடத்துல கிரீஸ வைப்பியா நீ?"

"தொடச்சிட்டுத்தான்யா வச்சேன்."

"எதுக்கு?"

விசா விஷயம் அவர்களுக்குத் தெரியும். குளிரில் ஷாக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். ரூமே கூடி யோசித்தது. கடைசியில் கருப்பையா தீர்ப்பு சொன்னார். ஷாக் ஃப்ரீசரில் இருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு மாதத்துக்குக் கக்கூஸ் கழுவும் முறை முழுக்க என்னுடையது. ஒத்துக்கொண்டேன்.

சோதனை இதுதான். ஷாக்கை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தி, தண்டை முழுசாக உள்ளே அழுத்தி விட வேண்டும். அது தானாக மேலே வர எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப் சூட்டில் கெட்டி எண்ணெயோடு இரண்டு எண்ணுவதற்குள் வந்துவிடும். எண்ணுகிற வேலையைக் கருப்பையா எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... ஏப்பா, இது எந்திரிக்கிறதுக்குள்ள நான் சோறு வடிச்சிருவேன்... அஞ்சு..."

பதினொன்றில் வந்தது. உலக்கை என்று சிஸ்டர் சொன்னது சரிதான்.

அன்று பிற்பகல் பைக் கடையில் போய் பத்தாம் நம்பர், ஐந்தாம் நம்பர் எண்ணெய்கள் வாங்கி வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றுவதும், ரூமில் ஃப்ரீசரில் வைத்து எண்ணுவதுமாகப் போனது. பத்தாம் நம்பருக்கு ஆறு. ஐந்தாம் நம்பருக்கு மூன்று. ஃப்ரீசர் பனி மலையைவிடக் குளிர். இங்கே மூன்று என்றால் அங்கே இரண்டு. ஐந்தாம் நம்பர் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் ரூம் ஐஸ் கட்டியில் லேசாக ஷாக் வாசனை வந்தது. கருப்பையா அதற்கும் சேர்த்து இரண்டு வாரம் கூட்டிவிட்டார்.

5. விரிப்புக்கு அடியில்

புதன்கிழமை இரண்டாவது ஓட்டம். இந்தத் தடவை சிஸ்டர் உட்கார்ந்தபடியே வந்தார். ஆனால் முகம் முழுசாக மலரவில்லை.

"சின்னக் கட்டி ஒண்ணும் தெரியல்ல. அது நல்லாருக்கு. பெரிய மேட்டுல விழும்போ மட்டும் அடியில டங்குன்னு முட்டுது. அது நேரா மண்டைக்கு ஏறுது, கேட்டியளா?"

"சரிங்க."

"என்ன சரிங்க? எதனால முட்டுதுன்னு சொல்லுங்க."

எதனால் என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிங்கை ஐம்பத்தைந்து கிலோவுக்கு இறுக்கியிருந்தேன். அவர் ஐம்பத்தைந்து கிலோ இல்லை. இதை எப்படிச் சொல்வது?

"பாக்குறேங்க," என்றேன். தண்ணியும் "சரிங்க"வும் போக அவரிடம் நான் சொன்ன புது வார்த்தை அது.

திரும்பி வரும்போது லாரியில் பாபு விடவில்லை.

"எந்தா அழகரே, ஒரு சேச்சியோட வெயிட் கேக்கறதுக்கு இத்தர பேடியா? நான் கேக்கட்டா?"

"வேணாம். நீங்க கேட்டா சண்டை வரும்."

"அப்ப மச்சினனுக்கு டிக்கெட் எடுக்கட்டா?"

மேனேஜர் கடைசி டைம் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் வியாழன் மதியம் சிஸ்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதாக இருந்தது. உட்காருகிற சீட்டு உயரம் சரியா என்று பார்க்க நான்தான் கிரண் மூலமாக வரச் சொல்லியிருந்தேன். சீட்டு உயரத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வேறு திட்டம் இருந்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய பித்தளையும் அலுமினியமும் எடை போட ஒரு பலகைத் தராசு இருந்தது. தரையோடு படிந்த தட்டு. நம்பர் காட்டுகிற பெட்டி நீளமான வயரில் தனியாக இருக்கும். அந்தத் தட்டின் மேல் புது கால்மிதி விரித்தேன். அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வைத்து, ஃபேனை அதற்கு நேராகத் திருப்பினேன். நம்பர் பெட்டியை டூல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். நாற்காலி மட்டும் நாலு கிலோ என்று முன்பே குறித்துக்கொண்டேன்.

சிஸ்டர் வந்தார்.

"இங்க உக்காருங்க சிஸ்டர். காத்து நல்லா வரும்."

பாபு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். நான் ஒரு பெண்ணிடம் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

சிஸ்டர் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு காலையும் கால்மிதி மேல் வைத்தார். நான் ஏதோ எடுக்கப் போகிற மாதிரி அலமாரிக்குப் பின்னால் போனேன். எழுபத்திரண்டு. நாற்காலி போக அறுபத்தெட்டு. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன்.

சிஸ்டர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்மிதி ஓரத்திலிருந்து அலமாரி வரை போகிற வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கால்மிதி புதுசா இருக்கே அண்ணே."

"சரிங்க."

எனக்கு அன்று பூராவும் வெற்றிக் களிப்பு. அறுபத்தெட்டுக்கு ஸ்பிரிங்கை இறுக்கினேன். கிரணின் எடையைப் போனில் கேட்டேன். மூன்று வினாடியில் முடிந்தது.

6. சனிக்கிழமை

மலை திறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. அர்பாப் வெள்ளைக் கந்தூரா அங்கிக்கு மேல் நீலக் கோட்டு போட்டு நின்றார். பக்கத்தில் மேனேஜர். பாபு பாஸ்போர்ட் காப்பியோடு வந்திருந்தார். நான் இந்தத் தடவை ஷூ போட்டிருந்தேன். பழக்கத்தில் கொக்கி ஸ்பானர் பின்பாக்கெட்டில் இருந்தது.

கிரணும் சிஸ்டரும் ஒரு சுற்று போய் வந்தார்கள். பெரிய மேட்டில் ஏறி இறங்கும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டங்கென்ற சத்தம் இல்லை. சிஸ்டர் இறங்கும்போது முதுகில் கை வைக்கவில்லை. மேனேஜரை நோக்கி நடந்தார். அர்பாப் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்று வருஷம் என்று மனசுக்குள் ஸ்டாம்ப் விழுந்துவிட்டது.

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கத்தியது. மேல் வளைவில் ஒருவர் விழுந்திருக்கிறார், கணுக்கால் பிசகிவிட்டது. சிஸ்டர் திரும்பி முதலுதவி ரூமுக்கு ஓடினார். ஓடிய சிஸ்டர் வேறு, திரும்பி வந்த சிஸ்டர் வேறு.

முழங்கால் வரை கனத்த பூட்ஸ். தடித்த சிவப்புக் கோட்டு. முதுகில் ஒரு பெரிய மருந்துப் பை. ஒரு தோளில் ஆக்சிஜன் சிலிண்டர். கையில் எலும்புக்குக் கட்டுகிற பலகைகள்.

மூன்று ஓட்டத்திலும் அவர் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருந்தார். டியூட்டியில் எதைச் சுமந்துகொண்டு ஏறுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அவர் சீட்டில் உட்கார்ந்தார். என் கண் தானாக வண்டியின் பின்பக்கத்துக்குப் போனது. ஒரு விரல். ஒன்றரை. இரண்டு. இரண்டரையையும் தாண்டி இறங்கியது. அந்தப் பெரிய மேட்டில் இது முட்டும். நிச்சயமாக முட்டும். முதுகில் பையோடும் சிலிண்டரோடும் முட்டினால் பழைய ஷாக்கே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

பேசாமல் இருந்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்கவில்லை. அர்பாப் பார்த்தாயிற்று. மேனேஜர் பார்த்தாயிற்று. ஓட்டம் நன்றாக இருந்தது. இனிமேல் வருகிற வலி அடுத்த மாதம் தெரியும். அதற்குள் விசா அடித்திருக்கும்.

கிரண் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். குளிரில் பிடிக்கவில்லை.

"சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். என் குரல் அந்தக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. "எத்தன கிலோ நீங்க?"

பனியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் நான் வண்டிக்குப் பக்கத்தில் பனியில் படுத்துவிட்டேன். கொக்கி ஸ்பானரை ஸ்பிரிங் வளையத்தில் மாட்டிவிட்டேன். அந்த வளையத்தில் படிப்படியாக வெட்டு இருக்கும். ஒரு படி திருப்பினால் சுமார் பத்து கிலோ.

சிஸ்டர் மேலேயிருந்து கணக்குச் சொன்னார். முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி நிறுத்தாமல் சொன்னார்.

"நான் அறுவத்தெட்டு. அது ஒங்களுக்குத் தெரியும். பூட்ஸும் கோட்டும் அஞ்சு. பை பன்னெண்டு. சிலிண்டர் ஆறு. பலகை ரெண்டு."

"இருவத்தஞ்சு கூட!"

"கூட்டத் தெரியுது. திருப்புங்க!"

இடது பக்கம் இரண்டு படி. உருண்டு போய் வலது பக்கம் இரண்டு படி. அரைப்படி குறைந்தது, அது பாவமில்லை. கிரண் மூன்றாவது தடவை இழுத்தபோது இன்ஜின் பிடித்தது. நான் உருண்டு விலகினேன். பெல்ட் வாரி அடித்த பனி என் வாய் நிறைய விழுந்தது. வண்டி ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை.

பெரிய மேடு வந்தது. வண்டி ஏறியது. இறங்கியது. சிவப்புக் கோட்டு ஒரு தடவை மெல்லக் குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

அர்பாப் பாபுவிடம், "வாட் ஹி ஆஸ்க்?" என்றார். பாபு, "ஹீ ஆஸ்க் ஹர் வெயிட், அர்பாப்" என்றார். அர்பாப் கோட்டுக் கைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. மேலேயிருந்து பின்னால் கட்டி இழுத்து வந்த சறுக்குப் படுக்கையில், காலில் கட்டோடு ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் அவனை உள்ளே அனுப்பிவிட்டு, பை, சிலிண்டர் எல்லாவற்றோடும் அப்படியே மேனேஜர் முன்னால் போய் நின்று, "நவ் இட் ஈஸ் ஓகே" என்றார். பாபு பாஸ்போர்ட் காப்பியை இரண்டாக மடித்து உள்பாக்கெட்டுக்கு மாற்றினார்.

பிறகு சிஸ்டர் என்னிடம் வந்தார். நான் சட்டைக்குள் போன பனியை உதறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் நர்சு. ஆஸ்பத்திரில இருந்தப்போ தெனம் நூறு பேர எடை மிஷின்ல ஏத்தி எறக்குனவ. கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேன். பையோட சேத்துச் சொல்லிருப்பேன். என்னைய நாற்காலில இருத்தி, ஃபேன் போட்டு, திருட்டுத்தனமா எடை போட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்."

"சரிங்க."

"உக்காருததுக்கு முன்னாலயே வயரப் பாத்தேன், எனக்கு வெளங்கிட்டு. செருப்ப ஏன் கழத்துனேன்னு நெனச்சிய? கணக்குல தப்பு வரப்புடாதுன்னுதான்."

எனக்குப் பனியிலேயே வேர்த்தது.

"சரி, இப்ப நான் கேக்கேன். நீங்க எத்தன கிலோ?"

வாயைத் திறந்தேன். பதினோரு வருஷமாக ஊரையே கேட்ட கேள்வி. என்னை யாரும் கேட்டதில்லை. எனக்குப் பதிலும் தெரியாது.

"சரிங்க," என்றேன்.

7. முதல் கட்டம்

விசா அடித்தார்கள். பாபுவின் மச்சினன் பிறகு கார் நசுங்கல் எடுக்கிற டென்டிங் பிரிவுக்கு வந்து சேர்ந்தான், நல்ல பையன். கக்கூஸ் கழுவும் முறை ஒன்றரை மாதம் ஓடியது. அதில் கருப்பையா ஒரு நாள்கூடத் தள்ளுபடி தரவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் ஜாப் கார்டை மாற்றினேன். முதல் கட்டத்தில் வண்டி நம்பர் இருந்தது. அதைக் கீழே தள்ளிவிட்டு மேலே இரண்டு கேள்வி போட்டேன். நீங்கள் எத்தனை கிலோ? என்னென்ன சுமந்துகொண்டு ஏறுவீர்கள்? பாபு அதை இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் நம்பரும் நைட்ரஜன் அளவும் புத்தகத்தில் கிடைக்கும். ஃப்ரீசரில் வைத்தும் கண்டுபிடிக்கலாம். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் எதிரே நிற்கிற ஆளிடம் மட்டும்தான் இருக்கிறது. தராசில் உட்கார வைத்தால் பாதி பதில்தான் வரும்.

இப்போது பக்கத்து நாட்டில், சோஹாரில் வேலை. இங்கேயும் அதே கார்டுதான். ஆண்கள் வந்தால் வண்டிக்கு அடியிலிருந்து கத்திக் கேட்கிறேன். பெண்கள் வந்தால் கார்டையும் பென்சிலையும் நீட்டிவிட்டு, அவர்கள் எழுதி முடிக்கும்வரை சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எழுதி முடித்ததும் சில பேர் சிரிப்பார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.